ஃபார்மில் எல்லாம் சரியாகும் வரை பட்டனைப் பூட்டி வைப்பது சரியா?

நேர்கோடு

வணக்கம். ஒரு பதிவு ஃபார்மைப் புதிதாக வடிவமைக்கும் வேலை. 23 ஃபீல்டு, எல்லாம் ஒரே பக்கத்தில். பெரும்பாலானோர் வருவது மொபைலில். இப்போது ஓடிக்கொண்டிருப்பது இப்படி:

தனி லேபிள் இல்லை. பெட்டிக்குள்ளேயே வெளிர் சாம்பலில் 'மின்னஞ்சல்', 'பிறந்த தேதி' என்று பிளேஸ்ஹோல்டர். முதல் எழுத்தைத் தட்டியதுமே கீழே சிவப்பில் பிழை. 23-உம் சரியாக இருந்தால்தான் கடைசியில் உள்ள 'பதிவு செய்' பட்டனுக்கு உயிர் வரும்; அதுவரை மங்கல். ஓடிபிக்கு ஆறு குட்டிப் பெட்டிகள். பிறந்த தேதிக்குக் காலண்டர். 10 நிமிடம் சும்மா இருந்தால் செஷன் போய்விடும், போட்டதெல்லாம் காலி.

தொடங்குபவர்களில் 40 சதவீதம் பேர்தான் முடிக்கிறார்கள். டீமில் இரண்டு கட்சி. 'பட்டன் மங்கலாக இருந்தால் தப்பான டேட்டா உள்ளே வராது, அப்படியே இருக்கட்டும்' என்பது டெவலப்பர்கள் பக்கம். டிசைன் பக்கம் அதை எடுக்கச் சொல்கிறது. காரணம் கேட்டால் 'யூஎக்ஸுக்கு (பயனர் அனுபவத்துக்கு) நல்லதில்லை' என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

பட்டனை மங்கலாக வைப்பதில் உருப்படியான கெடுதல் என்ன? பிழையை எப்போது காட்டுவது? பக்கத்தைப் பல படிகளாக உடைத்தால் பலன் உண்டா? கூடவே மேலிடத்தில் இருந்து 'ஃபார்மையே தூக்கிவிட்டு ஏஐ சாட் வைத்துவிடலாமே' என்று ஒரு குரல். அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

---

டேப்விசை

பட்டனில் தொடங்குகிறேன். மற்ற கோளாறுகளில் பாதி அதன் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன.

மங்கலான பட்டன் 'ஏதோ குறைகிறது' என்று மட்டும் சொல்லும், எது என்று சொல்லாது. மொபைல் திரையில் ஒரு நேரத்தில் மூன்று நான்கு ஃபீல்டுதான் தெரியும். குறை மேலே ஏழாவது பெட்டியில் இருந்தால், ஆள் கீழே நின்று செத்த பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

டெவலப்பர்களிடம் சொல்ல இன்னும் கெட்டியான காரணங்கள் உண்டு. எச்டிஎம்எல்லில் டிசேபிள்ட் போட்ட பட்டனுக்கு டேப் விசையால் ஃபோகஸ் போகாது. ஸ்கிரீன் ரீடரோடு (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) டேப் அடித்து வருபவர் கடைசிப் பெட்டியைத் தாண்டியதும் நேராக ஃபுட்டர் லிங்கில் போய் விழுவார். நடுவில் ஒரு பட்டன் இருந்ததே தெரியாது. அடுத்து, டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியில், எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய வேறுபாடு கேட்கும் கான்ட்ராஸ்ட் விதி செயலில் இல்லாத பட்டன்களுக்கு விலக்கு தருகிறது. அந்தத் தைரியத்தில் பட்டனில் உள்ள எழுத்தையே படிக்க முடியாதபடி வெளுக்க வைத்துவிடுகிறார்கள்.

நிஜத்தில் அதிகம் கடிப்பது மூன்றாவது. பிரவுசரோ பாஸ்வேர்டு மேனேஜரோ ஆட்டோஃபில் செய்யும்போது உங்கள் ஸ்கிரிப்ட் காத்திருக்கும் கீபோர்டு நிகழ்வுகள் எப்போதும் வருவதில்லை. பெட்டிகள் எல்லாம் நிரம்பியிருக்கும், ஸ்கிரிப்ட் மட்டும் காலி என்று நினைத்துக்கொண்டிருக்கும், பட்டன் மங்கலாகவே நிற்கும். லாகில் ஒரு வரிகூட விழாது. வெளியே பார்த்தால் 'யூசர் பாதியில் போய்விட்டார்' என்று கணக்கு ஏறும். தப்பான டேட்டா வராது என்ற வாதத்துக்கு ஒரே பதில்: எப்படியும் சர்வரில் சரிபார்த்தாக வேண்டும். பிரவுசரில் செய்வது யூசரின் வசதிக்கு, உங்கள் பாதுகாப்புக்கு அல்ல.

மாற்று வழி இது. பட்டன் எப்போதும் அழுத்தும் நிலையில் இருக்கட்டும். அழுத்தியதும் எல்லா ஃபீல்டையும் ஒரே மூச்சில் சரிபாருங்கள். பிழை இருந்தால் ஃபார்மின் உச்சியில் ஒரு தொகுப்புப் பெட்டி: '3 இடங்களைத் திருத்த வேண்டும்'. கீழே மூன்று வரி, ஒவ்வொன்றும் அந்தந்தப் பெட்டிக்குப் போகும் லிங்க். ஃபோகஸை அந்தத் தொகுப்புக்கு நகர்த்துங்கள் (டேப்இண்டெக்ஸ் -1 கொடுக்காவிட்டால் ஃபோகஸ் அங்கே நிற்காது). பக்கத் தலைப்புக்கு முன்னால் 'பிழை:' என்று சேருங்கள்; பக்கம் புதிதாக ஏறினால் ஸ்கிரீன் ரீடர் முதலில் வாசிப்பது அதைத்தான். பிழை உள்ள பெட்டிக்கு ஏரியா-இன்வேலிட் (ஏரியா என்று தொடங்குபவை ஸ்கிரீன் ரீடருக்கான எச்டிஎம்எல் குறிப்புகள்), பிழை வாசகத்தின் ஐடியைப் பெட்டியோடு கட்ட ஏரியா-டிஸ்கிரைப்ட்பை. மேலே உள்ள வாசகமும் பெட்டியருகே உள்ள வாசகமும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிரவுசரின் சொந்தப் பிழைக் குமிழியை நோவேலிடேட் போட்டு அணைத்துவிடுங்கள். அது ஒரு நேரத்தில் ஒரு பிழையைத்தான் காட்டும், சில நொடியில் மறைந்தும் விடும்.

அழுத்திய பிறகு இரண்டாம் தட்டலைத் தடுக்க டிசேபிள்ட் வேண்டியதில்லை. ஏரியா-டிசேபிள்ட் வைத்து, வாசகத்தை 'அனுப்பப்படுகிறது' என்று மாற்றி, ஸ்கிரிப்டில் அடுத்த தட்டலைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுங்கள். உண்மையான காவல் சர்வரில்: ஃபார்ம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் முதல் பதிவின் பதிலையே திருப்பித் தர வேண்டும்.

இனி, பிழை எப்போது. முதல் எழுத்திலேயே 'மின்னஞ்சல் செல்லாது' என்பது வாயைத் திறக்குமுன் குறுக்கே பேசுவது. பெட்டியை விட்டு வெளியேறும்போது சரிபாருங்கள். அதுவும் ஏதாவது தட்டியிருந்தால் மட்டும். காலியாகக் கடந்து போனவரிடம் அங்கேயே 'இது கட்டாயம்' என்று கத்த வேண்டாம், அவர் திரும்பி வரலாம். அதைப் பட்டன் அழுத்தும்போது சொன்னால் போதும். ஆனால் ஒரு பிழை காட்டிய பிறகு, திருத்தும்போது ஒவ்வொரு தட்டலுக்கும் சரிபார்த்து, சரியான நொடியிலேயே சிவப்பை எடுத்துவிடுங்கள். விதிவிலக்கு பாஸ்வேர்டு: விதிகளை முன்கூட்டியே பெட்டிக்கு மேலே எழுதி, தட்டத் தட்ட எது நிறைவேறியது என்று காட்டலாம்.

வெளியேறும்போது சரிபார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கடைசிப் பெட்டியில் தட்டிவிட்டு ஒருவர் நேராகப் பட்டனை அழுத்துகிறார். மவுஸை அழுத்திய கணமே பெட்டியின் ஃபோகஸ் போகிறது, பிழை வரி முளைக்கிறது, பக்கம் 20 பிக்சல் கீழே தள்ளப்படுகிறது. மவுஸை விடும்போது அம்பின் அடியில் பட்டன் இல்லை. அழுத்தம் பட்டன் மேல் தொடங்கி வேறிடத்தில் முடிந்ததால் பட்டனுக்குக் கிளிக் நிகழ்வே எழாது. 'இரண்டு தடவை அழுத்தினால்தான் வேலை செய்கிறது' என்று வரும் புகார்களில் நிறைய இதுதான். பிழை வரிக்கான இடத்தை முன்பே காலியாக ஒதுக்கி வையுங்கள், அல்லது கடைசி ஃபீல்டைப் பட்டன் அழுத்தும்போது மட்டும் சரிபாருங்கள்.

வாசகம் பற்றி ஒன்று மட்டும். 'தவறான உள்ளீடு' என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்றே. 'மாதம் 13 என்று உள்ளது. 1 முதல் 12 வரை இருக்க வேண்டும்' என்று எழுதினால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியும்.

---

ஏழாம்பிக்சல்

மேலே சொன்னதோட ஒத்துப்போறேன். நான் பெட்டிகளைப் பத்தி மட்டும் சொல்றேன், அங்கேயும் நிறைய கசியுது.

பிளேஸ்ஹோல்டரை லேபிளா வச்சா, தட்ட ஆரம்பிச்சதும் அது மறைஞ்சிடும். பாதியில ஒரு ஃபோன் கால் வந்து திரும்பி வந்தவருக்கு எந்தப் பெட்டி எதுக்குன்னு தெரியாது. ஆட்டோஃபில் நிரப்பினா இன்னும் மோசம்: 23 பெட்டியிலும் டேட்டா இருக்கும், ஒண்ணுக்கும் பெயர் இருக்காது, சரிபார்க்கவே வழியில்ல. லேபிளைப் பெட்டிக்கு மேல, எப்பவும் தெரியுற மாதிரி வைங்க. மேலே மிதந்து போற ஃப்ளோட்டிங் லேபிள் பாதி வைத்தியம்தான். எழுத்து பொடியாயிடும், நீளமான லேபிள் வெட்டுப்படும்.

அந்த வெளிர் சாம்பலை அளந்து பாருங்க. வெள்ளைப் பின்னணியில #999999 போட்டா கான்ட்ராஸ்ட் விகிதம் 2.85. சாதாரண எழுத்துக்குத் தேவை 4.5. #777777 கூட 4.48-ல தோத்துடும், #767676 போட்டா 4.54, பாஸ். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா எல்லை அங்கேதான் இருக்கு. பெட்டியோட ஓரக்கோட்டுக்கு 3 வேணும். அதை எல்லாரும் மறந்துடுறாங்க. வெயில்ல நின்னு மொபைலைப் பார்க்கிறவருக்குப் பெட்டி எங்கே இருக்குன்னே தெரியாது. இந்தக் கான்ட்ராஸ்ட் ஒண்ணை மட்டும் சரிபண்ணினாலே பாதி உலகத்தை முந்திடலாம்: வெப்எய்ம்ங்கிற அணுகல்தன்மை அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறதுல முதல் இடத்துல வர்ற குறை இதுதான்.

பெட்டிக்குள்ள எழுத்து 16 பிக்சலுக்குக் குறைஞ்சா ஐஃபோன் சஃபாரி பெட்டியைத் தொட்டதுமே பக்கத்தைப் பெருசாக்கிடும், அப்புறம் யூசர் பக்கவாட்டுல தள்ளித் தள்ளிப் பார்க்கணும். இதுக்குச் சிலர் ஜூமையே தடுக்கிற மெட்டா டேக் போடுறாங்க. தயவுசெய்து வேண்டாம், பார்வை குறைஞ்சவங்களுக்கு அது நேரடி அடி. எழுத்தை 16 ஆக்கினா முடிஞ்சது.

தொடும் பரப்பு: டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2 (2023 அக்டோபர்ல வந்தது) கேட்கிறது குறைஞ்சது 24க்கு 24 சி.எஸ்.எஸ் பிக்சல். அது தரை, இலக்கு இல்ல. ஆப்பிள் 44 பாயிண்ட் சொல்லுது, ஆண்ட்ராய்டு 48 டிபி. செக்பாக்ஸ்ல குட்டிச் சதுரம் மட்டும் இல்லாம லேபிள் முழுக்கத் தட்டினா வேலை செய்யணும். கீழே ஒட்டி நிக்கிற ஸ்டிக்கி பட்டன் இருந்தா, கீபோர்டு திறந்தப்போ அது ஃபோகஸ்ல இருக்கிற பெட்டியை மூடுதான்னும் பாருங்க. 2.2-ல இதுக்குன்னே ஒரு விதி சேர்ந்திருக்கு.

ஓடிபி ஆறு பெட்டி. அழகுக்குப் பண்ணினது, வேற பயன் இல்ல. பேஸ்ட் பண்ணினா முதல் பெட்டியில ஒரு எண் மட்டும் விழும், பேக்ஸ்பேஸ் அடிச்சா எங்கே போறதுன்னு ஸ்கிரிப்ட் குழம்பும், ஸ்கிரீன் ரீடர் ஆறு தனிப் பெட்டியா வாசிக்கும். ஒரே பெட்டி போடுங்க: இன்புட்மோட் நியூமெரிக், ஆட்டோகம்ப்ளீட்ல ஒன்-டைம்-கோட். ஆறு தனி எண்ணா தெரியணும்னா எழுத்து இடைவெளியைக் கூட்டிக்கலாம். மேக்ஸ்லெங்த் 6 போடாதீங்க. யாராவது '123 456'-ன்னு இடைவெளியோட பேஸ்ட் பண்ணினா '123 45'-ன்னு வெட்டுப்படும், அவருக்கு ஏன் தப்புன்னே புரியாது. வாங்கிக்கிட்டு, இடைவெளியை நீங்க எடுத்துக்குங்க.

எண் வர்ற மத்தப் பெட்டிகள்ல டைப் நம்பர் இருந்தா அதையும் மாத்துங்க. அது அளவுகளுக்கானது, அடையாள எண்களுக்கு இல்ல. சில பிரவுசர்கள்ல ஸ்க்ரோல் பண்ணும்போது மதிப்பு ஏறி இறங்கும். எண்ணா மாத்திச் சேமிச்சா முன்னால இருக்கிற பூஜ்யம் போயிடும். எழுத்து கலந்து தட்டினா திரையில ஏதோ தெரியும், ஆனா ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கிறது காலி மதிப்பு. உடனே 'இந்தப் பெட்டி காலியாக உள்ளது'-ன்னு பிழை வரும். அவர் கண்ணு முன்னாடி பெட்டி நிரம்பியிருக்கும்!

பிறந்த தேதிக்குக் காலண்டர் வேண்டாம். 40 வருஷம் பின்னால போக மாத அம்பை 480 தடவை தட்டணும். நாள், மாதம், ஆண்டுன்னு மூணு டெக்ஸ்ட் பெட்டி போதும். காலண்டர் பக்கத்துத் தேதிகளுக்கு, கிழமை முக்கியமான இடங்களுக்கு.

இன்னொண்ணு, பெயர்ப் பெட்டி. மேக்ஸ்லெங்த் எச்டிஎம்எல் விதிப்படி யூடிஎஃப்-16 அலகுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கிற துண்டுகள்) எண்ணும், கண்ணுக்குத் தெரியுற எழுத்தை இல்ல. 'தமிழ்ச்செல்வி'-ங்கிறது நமக்கு 7 எழுத்து, அதுக்கு 13. ஆங்கிலத்துல போதும்னு 20 வச்சா தமிழ்ல 10 எழுத்து தாண்டினாலே இடிக்கும். அதைவிட மோசம் ரெகெக்ஸ் (எந்த எழுத்தையெல்லாம் ஏத்துக்கலாம்னு சொல்ற விதி). 'எல்லா மொழி எழுத்தையும் ஏத்துக்கிறோம்'-னு யூனிகோடு 'எழுத்து' வகையை மட்டும் அனுமதிச்சிருப்பாங்க. புள்ளியும் கால், கொம்பு, கொக்கியும் யூனிகோடுல எழுத்து வகை இல்ல, 'குறி' வகை. அதனால 'மா' கூடத் தேறாது. குறி வகையையும் சேர்க்கணும். இல்ல, பெயருக்கு ரெகெக்ஸே வேண்டாம்னு விட்டுடலாம், அதுதான் என் கட்சி. பட்டனுக்கு உயரத்தை நிலையா 40 பிக்சல்னு கட்டாதீங்க, பேடிங் குடுங்க. மொழிபெயர்த்த வாசகம் ரெண்டு வரியானா வெட்டுப்படாம வளரும்.

---

திரைவாசி

மங்கலான பட்டன் எங்கும் கூடாது என்று மதம் மாதிரிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஒரே பெட்டியும் ஒரே பட்டனும் உள்ள இடத்தில், உதாரணமாகச் செய்தி அனுப்பும் பெட்டி காலியாக இருக்கையில், 'அனுப்பு' மங்கலாக இருந்தால் யாருக்கும் குழப்பமில்லை. காரணம் கண்முன்னே இருக்கிறது. கையிருப்பு இல்லாத பொருளுக்கு 'வாங்கு' பட்டனை உயிரோடு வைத்து, அழுத்திய பிறகு 'இல்லை' என்பதுதான் ஏமாற்று. காரணம் பக்கத்திலேயே தெரிகிறதா, அதை யூசரால் மாற்ற முடியுமா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

---

டேப்விசை

சரிதான், நான் சொன்னது நீண்ட ஃபார்முக்கு. ஆனால் கையிருப்பு இல்லாத இடத்தில் மங்கலான 'வாங்கு' எதற்கு? பட்டனை எடுத்துவிட்டு 'கையிருப்பில் இல்லை' என்று எழுத்தாகப் போட்டுவிடலாம்.

---

கோடுவரை

உடைப்பதற்கு முன் வெட்டுங்கள். 23 ஃபீல்டையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில் கேளுங்கள்: இதை உள்ளே யார் பயன்படுத்துகிறார்? எந்த நாளில் தேவைப்படுகிறது? காலியாக வந்தால் எந்த வேலை நிற்கும்? 'பிற்காலத்தில் உதவலாம்' என்று வந்தால் அது வெளியே. பதிவுக்குப் பின் தேவைப்படுபவை பிறகு கேட்கப்படட்டும். ஒரே தகவலை இரண்டாம் முறை கேட்காதீர்கள். அதே நடைமுறையில் ஏற்கெனவே தந்ததைத் தானாக நிரப்ப வேண்டும், அல்லது தேர்ந்தெடுக்கவாவது தர வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2-இல் அடிப்படை நிலையான ஏ மட்டத்திலேயே வந்துவிட்டது. 'மின்னஞ்சலை மீண்டும் தட்டுக' பெட்டியைப் பெரும்பாலானோர் காப்பி பேஸ்ட்தான் செய்கிறார்கள், தப்பும் சேர்ந்தே வருகிறது. உறுதி செய்யும் மின்னஞ்சல் அந்த வேலையைச் சரியாகச் செய்யும்.

மிஞ்சியவற்றைப் பொருளால் பிரியுங்கள், எண்ணிக்கையால் அல்ல. 'பக்கத்துக்கு ஐந்து' என்று வெட்டினால் முகவரியின் பாதி ஒரு பக்கம், மீதி அடுத்த பக்கம். ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும் இடங்களில்தான் படி பிரிப்பதற்குப் பெரிய பலன்: தேவையற்றவை கண்ணில் படவே படாது. ஒவ்வொரு படியும் முடியும்போது சர்வரில் சேமித்துவிடுங்கள். பிரவுசரின் பேக் பட்டன் முந்தைய படிக்குத்தான் போக வேண்டும். ஒற்றைப் பக்க ஆப்களில் முகவரி மாறாமல் திரையை மட்டும் மாற்றுவதால் பேக் அழுத்தியவர் ஃபார்மை விட்டே வெளியேறிவிடுகிறார், இது அடிக்கடி நடக்கும் விபத்து. '4இல் 2' என்று எழுத்தில் சொல்லுங்கள். சதவீதப் பட்டை வேண்டாம். கிளை பிரியும் ஃபார்மில் அது பொய் சொல்லும். கடைசியில் எல்லாப் பதில்களும் ஒரே பார்வையில், ஒவ்வொன்றின் அருகிலும் 'மாற்று'. மாற்றியபின் நேராக இந்தப் பக்கத்துக்கே திரும்ப வேண்டும், நடுவில் உள்ள எல்லாப் படிகளையும் மறுபடி நடத்திக் கூட்டி வரக்கூடாது.

10 நிமிடச் செஷன் பற்றி: நேரக்கெடு வைத்தால், முடியுமுன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி தர வேண்டும், அப்படிக் குறைந்தது 10 தடவை நீட்டிக்க முடிய வேண்டும். இதுவும் ஏ மட்டம். சேமித்து வைத்திருந்தால் செஷன் போனாலும் மறு உள்நுழைவில் அதே இடத்தில் தொடரலாம், அதுவே நல்லது.

இப்போது அந்த 40 சதவீதம். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மூன்றைப் பதிவு செய்யுங்கள்: எந்தப் பிழை வாசகம் எத்தனை தடவை காட்டப்பட்டது, அதன்பின் எத்தனை முயற்சியில் சரியானது, வெளியேறியவர் கடைசியாகத் தொட்டது எது. தட்டிய உள்ளடக்கத்தைப் பதிய வேண்டாம், பெட்டியின் பெயர் போதும். வழக்கமாக இரண்டு மூன்று ஃபீல்டுகளிலேயே பெரும்பாலான பிழைகள் குவிந்து கிடக்கும். மங்கலான பட்டனைத் தட்டியதையும் எண்ணுங்கள். டிசேபிள்ட் பட்டனே கிளிக்கைத் தராது. அதைச் சுற்றிய டப்பாவில் பாயிண்டர் நிகழ்வைப் பிடிக்க முடிகிறதா என்று உங்கள் பிரவுசர்களில் சோதித்துப் பாருங்கள். உங்கள் இரண்டு கட்சிச் சண்டைக்கு அந்த எண்ணே தீர்ப்பு.

ஆட்களை வைத்துச் சோதிப்பதில் 'ஐந்து பேர் போதும்' என்பார்கள். அதன் கணக்கைத் தெரிந்து சொல்ல வேண்டும். பயன்பாட்டுச் சோதனை ஆய்வாளர்களான நீல்சனும் லாண்டவரும் 1993இல் தந்த சூத்திரத்தில், ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரி 31 சதவீதம் என்று கொண்டால், ஐந்து பேரில் 1 − 0.69⁵, அதாவது ஏறத்தாழ 84 சதவீதக் குறைகள் தென்படும். பத்தில் ஒருவரை மட்டும் தாக்கும் குறைக்கு அதே கணக்கு 1 − 0.9⁵, 41 சதவீதம்தான். உங்கள் ஆட்டோஃபில் கோளாறு இந்த வகை. ஐந்து பேரில் கண்ணில் படாமலே போக வாய்ப்பு அதிகம். ஆகவே ஐந்து ஐந்தாக மூன்று சுற்று, நடுவே திருத்தம். ஒரு சுற்றிலாவது ஸ்கிரீன் ரீடரோ கீபோர்டு மட்டுமோ பயன்படுத்துபவர் இருக்கட்டும். சோதனையின்போது உதவாதீர்கள். 'இந்தப் பட்டனை அழுத்துங்கள்' என்று பட்டனில் உள்ள அதே சொல்லைச் சொல்லி வேலை கொடுத்தால் அது சோதனையே அல்ல. 'கணக்கு ஒன்று தொடங்குங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஏ/பி சோதனை (இரண்டு வடிவங்களை ஒரே நேரத்தில் வேறு வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடுவது) ஆசை இருந்தால்: 40இல் இருந்து 43 சதவீதத்துக்கு ஏறியதா என்று நம்பும்படி சொல்ல, வழக்கமான அளவுகோல்களில் (5 சதவீத முக்கியத்துவம், 80 சதவீதத் திறன்) ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 4,300 பேர் வேண்டும். அவ்வளவு வரத்து இல்லையென்றால் ஃபீல்டு வாரியான பிழை எண்ணிக்கையை முன், பின் ஒப்பிடுவதே மேல்.

---

வெண்திரை

சாட் பற்றி யாரும் தொடவில்லை. மேலிடத்தில் சொல்ல வசதியாக:

ஃபார்மில் எவ்வளவு கேட்கப்போகிறார்கள் என்று பார்த்தாலே தெரியும், சாட்டில் தெரியாது. முகவரி, பெயர், மின்னஞ்சல் எல்லாம் பிரவுசர் ஒரே தட்டலில் நிரப்பியிருக்கும். சாட்டில் ஒவ்வொன்றையும் கையால் தட்ட வேண்டும். மூன்று கேள்விக்கு முன் தந்த பதிலைத் திருத்த மேலே ஸ்க்ரோல் செய்து, 'அது இல்லை, இது' என்று விளக்க வேண்டும். '05/06' என்று தட்டினால் ஜூன் 5ஆ மே 6ஆ என்பதை மாடல் சத்தமில்லாமல் தானே முடிவு செய்துவிடும். மூன்று பெட்டி இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. பதில் ஒவ்வொரு சொல்லாக ஓடி வரும் இடத்தை ஏரியா-லைவ் (மாறுவதை அவ்வப்போது வாசிக்கச் சொல்லும் குறிப்பு) ஆக்கிவிட்டால் ஸ்கிரீன் ரீடர் துண்டு துண்டாக வாசித்துத் தள்ளும். முழுப் பதில் வந்த பிறகு ஒரே தடவை அறிவிக்க வேண்டும்.

ஏஐக்கு இங்கே நல்ல வேலை ஒன்று இருக்கிறது: யூசர் பதிவேற்றும் ஆவணத்தைப் படித்துச் சாதாரணப் பெட்டிகளை முன்கூட்டி நிரப்புவது. அதற்கு மூன்று நிபந்தனைகள் வைப்பேன். தானாக நிரம்பிய பெட்டி எது என்று நிறத்தால் மட்டுமின்றி எழுத்தாலும் தெரிய வேண்டும் ('ஆவணத்தில் இருந்து எடுத்தது, சரிபார்க்கவும்'). தெளிவாகப் படிக்க முடியாததை ஊகித்து நிரப்பாமல் காலியாக விட வேண்டும், ஏனென்றால் காலிப் பெட்டியை யாரும் கவனிப்பார்கள், நம்பும்படியான தப்பைக் கவனிக்க மாட்டார்கள். யூசர் தானே தட்டியதன் மேல் ஒருபோதும் எழுதக்கூடாது. படித்து முடிக்க 10 நொடிக்கு மேல் ஆகுமென்றால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆவணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற பெட்டிகளை நிரப்ப விடுங்கள்.

---

நேர்கோடு

எல்லோருக்கும் நன்றி. முதலில் ஃபீல்டு வாரியான பதிவு இரண்டு வாரம், அதற்குள் லேபிள், கான்ட்ராஸ்ட், ஓடிபி, தேதி ஆகிய சின்ன வேலைகள், பிறகு பட்டன் என்று போகலாம் என நினைக்கிறேன். பெயருக்கான ரெகெக்ஸைத் திறந்து பார்த்தேன்: ஏழாம்பிக்சல் சொன்ன அதே தப்பு, எழுத்து வகை மட்டும்.

ஒரு சந்தேகம் மிச்சம். பட்டனை எப்போதும் திறந்து வைத்தால் சர்வரில் இருந்து பிழையோடு திரும்பும் தடவைகள் கூடும். அப்படித் திரும்பும்போது பாஸ்வேர்டும் பதிவேற்றிய ஃபைலும் காலியாகிவிடுகின்றன. இதை எப்படிச் சமாளிப்பது?

---

டேப்விசை

பட்டனை மாற்றும் முன் இதை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் பழி பட்டன் மேல் விழும்.

ஃபைலை ஃபார்மோடு சேர்த்து அனுப்பாதீர்கள். தேர்ந்தெடுத்ததும் தனியாக ஏற்றி, சர்வர் தரும் அடையாளத்தை மட்டும் ஃபார்மில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் திரும்பி வரும்போது ஃபைல் பெட்டியைப் பிரவுசர் நிரப்ப விடாது. அதன் இடத்தில் ஃபைல் பெயர், அளவு, 'நீக்கு' பட்டன். வகையும் அளவும் சரியில்லை என்றால் ஏற்றும்போதே சொல்லிவிடலாம், கடைசிவரை காக்க வைக்க வேண்டாம். அனுமதிக்கும் வகைகளையும் உச்ச அளவையும் தேர்ந்தெடுக்கும் முன்பே எழுதி வையுங்கள்.

பாஸ்வேர்டைத் திருப்பி நிரப்பக்கூடாது. அதனால் அதற்குத் தனிப் படி, மற்றவை எல்லாம் சர்வரில் ஏறிய பிறகு. அந்தப் பெட்டியில் பேஸ்டைத் தடுக்காதீர்கள், ஆட்டோகம்ப்ளீட்டில் நியூ-பாஸ்வேர்டு போடுங்கள். மேனேஜர் தானே உருவாக்கிச் சேமித்துக்கொள்ளும். 'காட்டு' பட்டன் வைத்தால் மறுமுறை தட்டும் பெட்டியையும் எடுத்துவிடலாம், உங்கள் கணக்கில் இன்னொரு ஃபீல்டு குறையும்.

நெட்வொர்க் அறுந்து போவது வேறு வகை. அதைச் சரிபார்ப்புப் பிழை மாதிரிச் சிவப்பில் பெட்டியருகே காட்டாதீர்கள், யூசர் தன் மேல் தப்பென்று நினைத்துப் பதிலை மாற்றத் தொடங்குவார். பட்டனுக்கு மேலே 'இன்னும் பதிவாகவில்லை. நீங்கள் தட்டியது அனைத்தும் இங்கேயே உள்ளது' என்று போட்டு, பட்டனின் வாசகத்தை 'மீண்டும் அனுப்பு' ஆக்குங்கள். அந்த இரண்டாம் அனுப்பலும் முன்பு சொன்ன அதே அடையாள எண்ணோடு போக வேண்டும். முதல் கோரிக்கை சர்வரை எட்டி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம்.